சேமிப்பு எந்த இடத்தில் பதுக்கலாகிறது?

கேட்டவர் ஒரு கிறிஸ்தவர். சம்பளத்தில் ஒரு பகுதியை வங்கியில் போட்டுவருகிறார், காப்பீடும் எடுத்திருக்கிறார். "பூமியிலே உங்களுக்குப் பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்கவேண்டாம்" என்ற வசனத்தைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறதாம். சேமிப்பதே பாவமா, இல்லையென்றால் எந்த இடத்தில் அது பதுக்கலாக மாறுகிறது என்பது அவருடைய முதல் கேள்வி. இரண்டாவது அவருடைய அப்பாவைப் பற்றியது. வறுமையில் வளர்ந்த அவர் இப்போது கையில் நிறையவே வைத்திருக்கிறார், ஆனால் தன் கண் அறுவைச் சிகிச்சைக்குக்கூடச் செலவழிக்க மறுக்கிறார். அவரிடம் வேதத்தைக் காட்டிப் பேசலாமா?

முதல் கேள்வியின் முதல் பாதிக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடலாம். சேமிப்பது பாவம் இல்லை. கோடைகாலத்தில் ஆகாரத்தைச் சேர்க்கும் எறும்பைப் பார்த்து ஞானியாகு என்று நீதிமொழிகள் சோம்பேறியிடம் சொல்கிறது. பிள்ளைகளுக்காகப் பெற்றோர்தான் சேர்த்துவைக்கவேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்குப் போகிறபோக்கில் எழுதுகிறார், தன் வீட்டாரைக் கவனிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கும் எழுதுகிறார். இயேசுவும் சீஷர்களும்கூட ஒரு பணப்பை வைத்திருந்தார்கள். அதைச் சுமந்தவன் யூதாஸ் என்பது வேறு கதை. பண்டிகைக்கு வேண்டியதை வாங்கவும் ஏழைகளுக்குக் கொடுக்கவும் அந்தப் பை பயன்பட்டது என்று யோவான் 13-ம் அதிகாரத்தைப் படித்தாலே தெரியும். ஆகவே காப்பீட்டுப் பத்திரத்தைக் கிழித்துப் போடவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

சரி, அப்படியானால் கோடு எங்கே? இதற்கு வேதத்திலேயே இரண்டு களஞ்சியக்காரர்கள் இருக்கிறார்கள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி.

ஒருவன் லூக்கா 12-ல் வரும் ஐசுவரியவான். அவன் நிலம் நன்றாக விளைந்தது. திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, கூலியைப் பிடித்துவைத்ததாகவும் இயேசு சொல்லவில்லை. விளைந்ததை வைக்க இடம் போதாததால் பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டான். எந்த நிதி ஆலோசகரும் இதில் தப்புக் கண்டுபிடிக்கமாட்டார். இன்னொருவர் பார்வோனின் அதிகாரியாக எகிப்தை நிர்வகித்த யோசேப்பு. எகிப்தில் விளைச்சல் கொழித்த ஏழு வருஷமும் தேசத்தின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிப் பட்டணங்களில் சேர்த்துவைக்கச் செய்தார், அளக்க முடியாத அளவுக்கு. அளவை மட்டும் பார்த்தால் யோசேப்பு அந்த விவசாயியைவிடப் பல மடங்கு பெரிய சேமிப்புக்காரர். ஆனால் ஒருவனுக்குக் கிடைத்த பெயர் "மதிகேடன்", மற்றவரோ தேவனால் அனுப்பப்பட்டவர் என்று சொல்லப்படுகிறார்.

வித்தியாசம் களஞ்சியத்தின் அளவில் இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. யோசேப்பின் தானியம் எதற்காகச் சேர்ந்தது, யாருக்காக, எப்போது திறக்கப்படும் என்பது மூட்டை கட்டும்போதே தீர்மானமாகியிருந்தது. பஞ்சம் வந்தது, கதவு திறந்தது. அந்த விவசாயியின் பேச்சையோ முழுக்கப் படித்துப் பாருங்கள். என் தானியம், என் பொருள்கள், என் களஞ்சியங்கள், என் ஆத்துமா. அவன் கலந்தாலோசிப்பதும் தன்னோடேதான், விருந்துக்கு அழைப்பதும் தன்னைத்தான். மனைவி, பிள்ளை, வேலையாள், அயலான் என்று ஒரு ஆள்கூட அந்தக் கதைக்குள் வருவதில்லை. கடைசியில்தான் வேறொரு குரல் கேட்கிறது: "அப்பொழுது நீ சேகரித்தவைகள் யாருடையதாகும்?" மரணம் வரும் என்று மிரட்டுவதைவிட இந்தக் கேள்விதான் உவமையின் முனை என்று நினைக்கிறேன். சேர்க்கும்போது அவன் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

யோசேப்பையும் முழுக்கப் புனிதராக்கிவிட வேண்டாம். ஆதியாகமம் 47-ஐப் படித்தால், ஜனங்கள் தானியத்துக்காக முதலில் பணத்தையும் பிறகு ஆடுமாடுகளையும் பிறகு நிலத்தையும் கடைசியில் தங்களையுமே பார்வோனுக்கு விற்றார்கள். பிற்பாடு அதே எகிப்தில் இஸ்ரவேலர் அடிமைகளானார்கள். நல்ல நோக்கத்தோடு சேர்த்த களஞ்சியமும் அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மக்களை நசுக்கும். வேதம் இதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது.

மூன்றாவதாக ஒரு சேமிப்புக் கதை உண்டு. மன்னா, அதாவது வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த ஆகாரம். ஆளுக்கு ஒரு ஓமர் என்ற அளவு, அன்றன்றைக்கு. விடியற்காலம்வரைக்கும் மீதம் வைக்கக்கூடாது என்று மோசே சொன்னதைக் கேட்காமல் சிலர் வைத்தார்கள், அது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. இதுவரை எல்லாருக்கும் தெரியும். பலர் தவறவிடுவது அதே அதிகாரத்தின் மீதிப் பகுதி. ஆறாம் நாளில் இரண்டு பங்கு சேர்க்கச் சொன்னார், அது கெடவில்லை. தலைமுறைகள் பார்க்கட்டும் என்று ஒரு கலசத்திலும் எடுத்துவைக்கச் சொன்னார். ஆக, எடுத்துவைப்பதே குற்றம் என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. ஆறாம் நாள் சேமிப்பு ஏழாம் நாள் ஓய்ந்திருப்பதற்காக. மற்ற நாட்களின் சேமிப்பு, நாளைக்கு வானத்திலிருந்து வராவிட்டால் என்ன செய்வது என்ற சந்தேகத்தில் பிறந்தது. நான் இதை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: நம்மை ஓயவிடுகிற சேமிப்பு ஒன்று உண்டு, ஒருநாளும் ஓயவிடாத சேமிப்பு ஒன்று உண்டு. "நீ இளைப்பாறு" என்று தன் ஆத்துமாவிடம் சொல்ல நினைத்த அந்த விவசாயி, களஞ்சியம் கட்டி முடித்த பிறகுதான் இளைப்பாறுவதாக இருந்தான். அந்த நாள் வரவே இல்லை.

பதுக்கலைப் பேராசை என்று மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அதன் அடியில் பெரும்பாலும் பயம் இருக்கிறது. லூக்கா 12-ல் உவமை முடிந்த அடுத்த வசனத்திலேயே இயேசு சீஷர்களிடம் திரும்பி, என்னத்தை உண்போம், என்னத்தை உடுப்போம் என்று கவலைப்படாதிருங்கள் என்கிறார். முன்னது நிறைய இருப்பவனுக்கு, பின்னது ஒன்றும் இல்லாதவர்களுக்கு. இரண்டையும் ஒரே பேச்சாகக் கோர்த்துச் சொல்கிறார், ஏனென்றால் இருவருக்கும் நோய் ஒன்றுதான். அதன்பின் "பயப்படாதே, சிறுமந்தையே" என்கிறார். அதற்கும் பிறகுதான் உள்ளவைகளை விற்றுப் பிச்சை கொடுங்கள் என்ற கட்டளை வருகிறது. எபிரெயர் 13:5-லும் இதே முடிச்சு உண்டு. பண ஆசை வேண்டாம், இருப்பது போதும் என்று எண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு அதற்குக் காரணமாக ஆசிரியர் காட்டுவது என்ன? நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை என்ற வாக்கு. கைவிடப்படுவோம் என்ற பயம் இருக்கும்வரை "போதும்" என்ற சொல் வாயிலிருந்து வராது. பவுல் பொருளாசையை விக்கிரகாராதனை என்று கொலோசெயரில் சொல்வதும் இதனால்தான். தேவன் காப்பாற்றவேண்டிய இடத்தில் வங்கிக் கணக்கு உட்கார்ந்துவிடுகிறது.

சபையின் தொடக்க நூற்றாண்டுகளில் இதைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசியவர் செசரியாவின் பேராயர் பசிலியார். செசரியா இருந்தது இன்றைய துருக்கியில் இருக்கும் கப்பதோக்கியா பகுதியில். கி.பி. 369 வாக்கில் அங்கே கொடிய பஞ்சம். களஞ்சியம் வைத்திருந்தவர்கள் விலை ஏறட்டும் என்று கதவைச் சாத்திக்கொள்ள, பசிலியார் தன் பேச்சாலேயே அந்தக் கதவுகளைத் திறக்கவைத்தார் என்றும், பெரிய பாத்திரங்களில் சூப் காய்ச்சிப் பசித்தவர்களுக்குத் தானே பரிமாறினார் என்றும் அவருடைய நண்பர் நசியான்சின் கிரகோரியார் பதிவு செய்திருக்கிறார். இதே ஐசுவரியவான் உவமையை வைத்து பசிலியார் செய்த பிரசங்கம் இன்றும் கிடைக்கிறது. நாடக அரங்குக்கு முதலில் வந்தவன், எல்லாருக்குமான இருக்கைகளைத் தன்னுடையது என்று சொல்லிப் பின்னால் வருபவர்களைத் தடுப்பதைப் போன்றது இது என்கிறார் அதில். நீ பூட்டிவைத்த அப்பம் பசித்தவனுடையது, பெட்டிக்குள் கிடக்கும் உடை உடுக்க இல்லாதவனுடையது என்பது அவர் வாதம். தர்மம் செய்யாதது இரக்கக் குறைவு என்பதோடு அவர் நிறுத்தவில்லை, அது அநியாயம் என்கிறார். பஞ்சகாலப் பதுக்கலுக்கு வேதத்தில் ஏற்கெனவே ஒரு நேரடி வசனம் இருந்தது: தானியத்தைக் கட்டிவைக்கிறவனை ஜனங்கள் சபிப்பார்கள், நீதிமொழிகள் 11:26. அயலானின் தட்டுப்பாட்டிலிருந்து லாபம் பார்ப்பது எந்தக் காலத்திலும் இந்த வசனத்துக்குள் அடங்கும்.

பசிலியாருக்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஆரம்பகாலச் சபையின் ஆசிரியரான அலெக்சாந்திரியாவின் கிளமெந்து சற்று மென்மையாகப் பேசியிருந்தார். உனக்குண்டானவைகளையெல்லாம் விற்றுக் கொடு என்று இயேசு பணக்காரனிடம் சொன்னதை விளக்கும்போது, செல்வம் ஒரு கருவி, நன்மையும் தீமையும் அதைப் பிடித்திருக்கும் மனதில் இருக்கிறது என்றார். எல்லாரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் பசித்தவனுக்குச் சோறு போட யார் இருப்பார் என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. வரி வசூலிப்பவனான சகேயுவிடம் இயேசு எல்லாவற்றையும் கேட்கவில்லை, பாதியை ஏழைகளுக்கும் அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகவும் கொடுப்பதாக அவனாகச் சொன்னான். இயேசுவை அடக்கம்பண்ணக் கல்லறை கொடுத்த அரிமத்தியா யோசேப்பு பணக்காரர்தான். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிய அனனியாவிடம்கூட, நிலம் விற்கும் முன்பும் உன்னுடையதாயிருந்தது, விற்ற பின்பு அந்தப் பணமும் உன் வசத்தில்தானே இருந்தது என்கிறார் பேதுரு. அவன் செத்தது வைத்துக்கொண்டதற்காக அல்ல, பொய் சொன்னதற்காக.

ஆனாலும் கிளமெந்தின் பதில் பணக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப்போகும் பதில். "எனக்கு உள்ளுக்குள் பற்று இல்லை" என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், அதைச் சரிபார்க்க ஆளில்லை. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்றார் இயேசு. அந்த ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த ஒரு சின்ன வாசல், ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டால் நுழைந்துவிடும் என்று ஒரு விளக்கம் பிரசங்கங்களில் சுற்றிவருகிறதே, அதுவும் இந்த வகைதான். அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அப்படி இருந்திருந்தால், பின்னே யார் இரட்சிக்கப்படக்கூடும் என்று சீஷர்கள் திகைத்திருக்கவும் தேவையில்லை. கிளமெந்தைப் படிப்பவர்கள் பசிலியாரையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பேன்.

செழிப்பு உபதேசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விசுவாசம் இருந்தால் பணம் பெருகும், பெருகாவிட்டால் விசுவாசத்தில் குறை என்று 20-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வளர்ந்து உலகம் முழுக்கப் பரவிய போதனை இது. 2010-ல் கேப் டவுனில் கூடிய, உலக சுவிசேஷகக் கிறிஸ்தவர்களின் லொசான் மாநாடு, இதைப் பரப்பும் பலருடைய போதனை வேதத்தைக் கடுமையாகத் திரிக்கிறது என்று வெளிப்படையாகவே அறிவித்தது. என் குறை எளிமையானது. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறவனின் பேச்சில் ஒரு ஸ்தோத்திரத்தை மட்டும் சேர்த்துவிட்டால் இந்தப் போதனை வந்துவிடும். தரித்திரத்தையும் வேண்டாம் ஐசுவரியத்தையும் வேண்டாம், எனக்கு அளந்த படியைத் தாரும் என்று நீதிமொழிகள் 30-ல் ஆகூர் செய்யும் ஜெபத்தை அந்த மேடைகளில் கேட்க முடியாது.

சபைகளும் பதுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். கி.பி. 378-ல் அட்ரியனோப்பிள் போரில் ரோமப் படை தோற்றுப் பலர் சிறைப்பட்டபோது, மிலான் பேராயர் அம்புரோசியார் சபையின் பரிசுத்தப் பாத்திரங்களை உருக்கி அவர்களை மீட்டார். எதிர்ப்பு கிளம்பியது. சபையிடம் பொன் இருப்பது வைத்துக்கொள்ள அல்ல, தேவையில் இருப்பவர்களுக்குச் செலவழிக்க என்று அவர் பதில் எழுதினார். கட்டட நிதி வருஷக்கணக்கில் வட்டி சேர்த்துக்கொண்டிருக்கும் சபைகளின் கமிட்டிக் கூட்டங்களில் இந்தச் சம்பவத்தை யாராவது ஞாபகப்படுத்தினால் நன்றாயிருக்கும்.

இனி உங்கள் கோட்டுக்கு வருகிறேன். தொகையைச் சொல்லி எல்லை வைக்க எனக்குத் தெரியாது, வேதமும் வைக்கவில்லை. ஆனால் உங்கள் ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு காரணமும் ஒரு அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் படிப்பு, வேலை போனால் ஆறு மாதச் செலவு, முதுமை, இவையெல்லாம் காரணங்கள். அந்த அளவை எட்டியதும் என்ன நடந்தது என்பதுதான் சோதனை. எட்டியபின் மிச்சம் வேறு கைகளுக்குப் போக ஆரம்பித்ததா, இல்லை, அளவே மெல்ல மேலே நகர்ந்ததா? ஆறு மாதம் ஒரு வருஷமாகி, ஒரு வருஷம் ஐந்தாகி, அதற்கும் பிறகு காரணம் சொல்லாமலே சேர்ந்துகொண்டிருந்தால், நீங்கள் கேட்ட கோட்டைத் தாண்டியாயிற்று.

இதில் ஜான் வெஸ்லி உதவுவார். 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தை நடத்தியவர். முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை சேமி, முடிந்தவரை கொடு என்று அவர் சொன்னது பிரபலம். அவர் சேமி என்றது வீண்செலவைக் குறைப்பதை. அந்த மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டவர்களைக் கண்டு வயதான காலத்தில் அவரே நொந்துபோய் எழுதியிருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டு நாட்களின் ஒரு மெதடிஸ்டைப் பற்றியும் அவர் ஒரு கணக்குச் சொல்கிறார், அது அவரேதான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. முதல் வருஷம் வருமானம் 30 பவுண்டு, 28-ல் வாழ்ந்து 2-ஐக் கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது, அப்போதும் 28-ல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். பிறகு 90, பிறகு 120, வாழ்க்கைச் செலவு மட்டும் அதே 28. தனிக்கட்டைக்கு இது முடியும், குடும்பஸ்தருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் சம்பளம் ஏறும்போது செலவும் சேமிப்பும் மட்டும் ஏறவேண்டும், கொடுப்பது பழைய இடத்திலேயே நிற்கலாம் என்ற வழக்கத்தை இது நன்றாகவே உடைக்கிறது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கொடுத்தாயிற்று, மீதி என் இஷ்டம் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

பயம் போனபிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். "உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்" என்பதில் பொக்கிஷம் முன்னால் போகிறது, இருதயம் அதன் பின்னால் வருகிறது. மனம் இளகுவதற்கு முன்பே கை கொடுத்துப் பழகலாம்.

கடைசியாக உங்கள் அப்பா. யாக்கோபு 5-ஐ எடுத்துக்கொண்டு அவரிடம் போகாதீர்கள். பொன்னும் வெள்ளியும் துருப்பிடித்தது என்ற அந்த அதிகாரம், வேலைக்காரரின் கூலியைப் பிடித்துவைத்துச் சுகபோகமாய் வாழ்ந்தவர்களைப் பார்த்து எழுதப்பட்டது. உங்கள் அப்பா பட்டினியைப் பார்த்தவர், சுகபோகம் அவருக்குத் தெரியவே தெரியாது. அவரிடம் இருப்பது பெரும்பாலும் பழைய பயம். பயந்தவரைக் கடிந்துகொண்டால் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேளுங்கள். ஐசுவரியவான் உவமையை இயேசு சொல்லக் காரணமாக இருந்தது ஒரு சொத்துத் தகராறு. சுதந்தரத்தைப் பாகம் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று ஒருவன் வந்து நின்றான். வைத்திருந்த சகோதரன் அங்கே இருந்ததாகவே தெரியவில்லை. பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்பதைக் கேட்டவன், பங்கு கேட்டு வந்தவன்தான். அப்பாவின் பணத்தைப் பற்றிப் பேசும் பிள்ளைக்கு அப்பா மனதில் முதலில் எழும் சந்தேகமும் அதுவே. எனவே முதல் பேச்சிலேயே, இந்தப் பணம் எனக்கு வேண்டாம், உங்கள் கண்ணுக்குச் செலவாகட்டும் என்று சொல்லிவிடுங்கள். சொல்வது உண்மையாகவும் இருக்கட்டும்.

பிறகு மொத்தக் கணக்கையும் பேசாதீர்கள். அறுவைச் சிகிச்சைக்கான தொகையை மட்டும் ஒரு தனிக் கணக்கில், அவர் பெயரிலேயே, அவர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாதபடி வைக்கச் சொல்லுங்கள். அது கரைந்துபோகாது என்று தெரிந்தாலே பாதி எதிர்ப்பு குறையும். மீதிப் பணம் அப்படியே இருக்கிறது என்பதைப் பாஸ்புத்தகத்தில் அவரே பார்த்துக்கொள்ளட்டும். மருத்துவரிடம் அவரை நீங்களே கூட்டிப்போய், கண் கெட்டால் வரும் செலவையும் இப்போதைய செலவையும் மருத்துவர் வாயாலேயே கேட்கவையுங்கள். சபையில் அவர் வயதுக்காரர் யாராவது இதே சிகிச்சை செய்துகொண்டிருந்தால் அவரை ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். உங்கள் பேச்சைவிட அவர் பேச்சு எடுபடும். அதற்குப் பிறகும் மறுத்தால் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டு தேதியைக் குறித்துவிடுங்கள், அவர் திருப்பித் தருவாரா என்ற கணக்கு இல்லாமல்.